உழவர் வீட்டில் வேலைக்காரியா?

கேள்வி: என் மருமகன் ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய முன்னோர் பெரிக்‌ஷயரில் பண்ணையில் ஏர் ஓட்டியவர்கள். 1861 கணக்கெடுப்பில் அவர்கள் வீட்டுக்கு ஜன்னல் உள்ள அறை ஒன்றுதான். அதில் ஏழு பேர், அவர்களில் ஒருத்தி வேலைக்காரி! 1871இல் வேறு ஊரில் இருக்கிறார்கள். ஆடம்பரமாக வாழ்ந்து கடன்பட்டு ஓடியவர்களோ? பேரன் கேட்கிறான், என்ன சொல்வது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அப்படி மட்டும் சொல்லிவிடாதீர்கள். இரண்டுக்குமே காரணம் அன்றைய பண்ணை வேலை முறைதான்.

அந்த வேலைக்காரி பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வந்தவள் அல்ல. உங்கள் மருமகனின் முன்னோர் இருந்த தென்கிழக்கு ஸ்காட்லாந்தில் குடும்பஸ்தனான உழவனை ஒரு வருட ஒப்பந்தத்தில்தான் எடுப்பார்கள். அவனோடு வயல் வேலைக்கு ஒரு பெண்ணும் வர வேண்டும் என்பது நிபந்தனை. அவளை 'பாண்டேஜர்' என்பார்கள். களை எடுப்பது, டர்னிப் கிழங்கு பிடுங்குவது, அறுவடை எல்லாம் அவள் வேலை. அவள் வேலை செய்த நாட்களுக்குப் பண்ணையார் உழவனிடம் கூலி கொடுப்பார். அவளுக்குச் சம்பளம், சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் உழவன் பொறுப்பு. வேலை இல்லாத நாளில் பண்ணையார் கூலி தரமாட்டார், ஆனாலும் உழவன் அவளுக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும். வளர்ந்த மகள் இருந்தால் அவளையே அனுப்பிவிடலாம். பிள்ளைகள் சின்னதாக இருந்தால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கூலிக்குப் பிடித்து, அந்த ஒற்றை அறையிலேயே தங்க வைக்க வேண்டும். உழவர்கள் இந்த நிபந்தனையை வெறுத்தார்கள். 1860களில் கூட்டம் போட்டே எதிர்த்தார்கள்.

அவர்கள் சம்பளத்தில் பெரும்பகுதி பணமே இல்லை. ஓட்ஸ், பார்லி, ஒரு பசுவுக்குத் தீனி, உருளைக்கிழங்கு போடக் கொஞ்சம் நிலம், நிலக்கரி ஏற்றி வர வண்டி என்று பொருளாகவே கிடைக்கும். வீட்டு வாடகைக்கு ஈடாக மனைவி அறுவடையில் உழைப்பாள். சாப்பாடு ஓட்ஸ் கஞ்சியும் பாலும், கீரை சேர்த்த சூப்பும்தான். கதவு வைத்த மரப்பெட்டி போன்ற கட்டில்களைத் தடுப்பாக நிறுத்தி, ஒரே அறையை இரண்டாக்கிக்கொள்வார்கள். இதில் ஆடம்பரத்துக்கு எங்கே இடம்? அந்த வீட்டை நடத்திய அம்மாவை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

சரி, ஊர் மாறியது ஏன்? மறு வருடமும் வேண்டும் என்றால் வசந்தகால வேலைச் சந்தைக்கு முன்பே பண்ணையார் கூப்பிட்டுப் பேசுவார். பேசவில்லை என்றால் கெல்சோ, டன்ஸ் போன்ற ஊர்ச் சந்தைகளில் போய் நின்று வேறு பண்ணை பார்க்க வேண்டும். வேலை போனால் வீடும் போய்விடும். மே மாதம் புதுப் பண்ணையிலிருந்து வண்டி வரும், கட்டிலும் கோழியும் பிள்ளைகளுமாக ஏறிப் போவார்கள். பெரும்பாலும் சில மைல் தூரம்தான். நல்ல வேலைக்காரர்களும் மாறினார்கள். மகள்களுக்கும் வேலை தரும் பண்ணையைத் தேடி, தாங்களாகவே போனவர்களும் உண்டு.

பேரனோடு உட்கார்ந்து, அந்தக் கணக்கெடுப்புத் தாளில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த ஊரில் பிறந்தது என்று பாருங்கள். அந்த ஊர்களை வயது வரிசையில் வரைபடத்தில் குறித்தால், குடும்பம் எந்தெந்த ஊரில் இருந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். ஸ்காட்லாந்தில் 1855 முதல் அரசுப் பிறப்புப் பதிவு இருக்கிறது. 1861க்குப் பிந்தைய பிறப்புப் பதிவுகளில் பெற்றோரின் திருமண நாளும் இடமும்கூட இருக்கும். அப்புறம் 1871 தாளில் மூத்த மகளின் தொழிலைப் பாருங்கள். பண்ணை வேலை என்று இருந்து, வெளிப்பெண் யாரும் வீட்டில் இல்லை என்றால், அந்த இடத்துக்கு மகளே போய்விட்டாள் என்று நினைக்கலாம்.