மழை இரவில் தனியாகப் போகும் பெண் யார்?

உங்களிடம் உள்ள காங்ரா ஓவியப் (இமாச்சல மலைப்பகுதியின் சிற்றோவிய மரபு) பிரதியில் இடி மின்னலுக்கு நடுவே நீல ஆடையில் தனியாகப் போகும் பெண் ராதையா, காலடியில் ஏன் பாம்புகள் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அவள் அபிசாரிகை, அதாவது காதலனைத் தேடித் தானே கிளம்பிவிட்ட நாயகி. இருட்டோடு கலந்துவிடத்தான் அந்த நீலம். நிலவொளியில் போகிறவளுக்கு வெள்ளை உடுத்தி வரைவார்கள். காலைச் சுற்றிப் பாம்பு, கழன்று விழுந்த கொலுசு, சில படங்களில் மரத்தடியில் பேய்கள்கூட இருக்கும். எதையும் அவள் பொருட்படுத்துவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்! 1591இல் பிரஜ் மொழிக் கவிஞர் கேசவதாசர் எழுதிய ரசிகப்பிரியா என்ற நூல் இப்படிப்பட்ட நாயகி வகைகளை விரிவாகப் பாடுகிறது. அதில் நாயகன் கிருஷ்ணன், நாயகி ராதை; அதனால் ராதை என்று நீங்கள் நினைத்ததும் தவறில்லை. சரி, ஒன்று மட்டும் பாருங்கள்: மயில்கள் சூழ, மழைக்கு அஞ்சி மாளிகைக்குள் விரைகிறாள் என்றால் அது பெரும்பாலும் மதுமாதவி ராகினி, அதாவது ஓர் இசைப் பண்ணைப் பெண்ணாக உருவகித்து வரைந்த படம்.