500 பிரேம் எதற்கு? நேரத்தைச் சரியாகப் பிடியுங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரியில் 8 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பதிவு செய்ய அதிவேகக் கேமரா அமைக்கப் போகிறோம். நொடிக்கு 500 பிரேம் எடுக்கும் கேமராவைக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சென்சாரின் ஒரு மூலையை மட்டும் படிக்கும்போதுதான் அந்த 500 வரும். அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். அப்படியே வந்தாலும் ஒரு பிரேமுக்கு 2 மில்லிநொடிதான். வெறும் கண்ணுக்குத் தெரியாத 11ஆம் ஒளித்தர நட்சத்திரத்திலிருந்து அதற்குள் சில பத்து ஒளித்துகள்களே வந்து சேரும். சென்சார் இரைச்சலே நட்சத்திரத்தை மறைத்துவிடும், சிறுகோளுக்கு வேலை இருக்காது.

சிறுகோளின் நிழல் தரையில் பெரும்பாலும் நொடிக்கு 10, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். நொடிக்கு 10 பிரேம் எடுத்தால் சிறுகோளின் அளவை ஒன்றிரண்டு கிலோமீட்டர் நுணுக்கத்தில் அளக்கலாம். 2013இல் சாரிக்லோ என்ற சிறுகோளின் இரண்டு வளையங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிய, சிலி நாட்டின் லா சியா வானாய்வகக் கேமராவும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் ஓடியது.

பணத்தை நேரத்தைத் துல்லியமாகக் குறிப்பதற்குச் செலவழியுங்கள். லேப்டாப் கடிகாரத்தை நம்பாதீர்கள். இணையத்தில் அதைச் சரிசெய்தாலும், படம் யூஎஸ்பி வழியாக வந்து சேரும் தாமதம் தனி. ஷட்டர் திறக்கும் கணத்தையே ஜிபிஎஸ் குறித்துவைக்கும், எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் கேமராதான் வேண்டும்.

ரோலிங் ஷட்டர் கேமரா ஏற்கெனவே கையில் இருந்தால் ஒரு வழி உண்டு. அது படத்தை வரிவரியாகப் படிப்பதால் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நேரம் வேறு. ஜிபிஎஸ் கருவி நொடிக்கு ஒருமுறை தரும் துடிப்பில் மின்னும் எல்இடியைப் படமெடுத்தால் வெளிச்சப் பட்டை எந்த வரியில் தொடங்குகிறது என்று தெரியும். அதிலிருந்து வரித் தாமதத்தைக் கணக்கிட்டு, நட்சத்திரம் விழும் வரிக்கு ஏற்பத் திருத்தலாம். ஆனால் படத்தின் அளவையோ எக்ஸ்போஷரையோ மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். சோம்பல்பட்டால் பதிவு குப்பைக்குத்தான்.

இன்னொரு பொறி: ஜிபிஎஸ் கடிகாரம் உலகப் பொது நேரத்தைவிட 18 நொடி முந்தி ஓடுகிறது. அந்தத் திருத்தம் செயற்கைக்கோளிலிருந்து வந்து இறங்க 12.5 நிமிடம் வரை ஆகலாம். ஆகவே கால் மணி நேரம் முன்பே திறந்தவெளியில் கருவியை இயக்கிவிடுங்கள்.

அப்புறம் கொள்முதல் குழு. மூன்று விலைப்புள்ளி, குறைந்த விலைக்கு ஆர்டர்! விலைப்புள்ளி கேட்கும் தாளில் பிரேம் எண்ணிக்கையை மட்டும் எழுதியதால் நான் வேலை பார்த்த இடத்துக்குக் கண்காணிப்புக் கேமரா ஒன்று வந்தது. இன்னும் பீரோவில்தான் கிடக்கிறது. ‘ஒவ்வொரு பிரேமிலும் ஜிபிஎஸ் நேரமுத்திரை, பிழை 1 மில்லிநொடிக்குள்’ என்பதை உங்கள் தாளில் முதல் வரியாக எழுதுங்கள். பிரேம் எண்ணிக்கையைக் கடைசியில் போட்டால் போதும்.