வாசகர் கேள்வி: சுவிஸ் இராணுவ வண்டியைக் கனடாவுக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: என் மச்சான் சுவிஸில், பேர்ன் பக்கம் இருக்கிறான். அங்கே இராணுவம் கழித்துவிட்ட 1975ஆம் ஆண்டுப் பின்ஸ்கவர் 710 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று படம் அனுப்பினான். பார்த்த நாளிலிருந்து நித்திரை இல்லை. கனடாவில் பதிய விடுவார்களா? செலவு எப்படி வரும்? நீங்களும் ஒன்று இறக்கியதாகக் கேள்விப்பட்டேன்.
- ப. க., மார்க்கம்

பதில்: தம்பி, தாராளமாகப் பதியலாம். கனடாவில் 15 வயது கடந்த வாகனத்துக்கு மத்திய அரசின் பாதுகாப்புத் தர விதிகள் பொருந்தா. அமெரிக்காவில் என்றால் 25 வருடம் காத்திருக்க வேண்டும். உங்களுடையது இரண்டையும் எப்போதோ தாண்டிவிட்டது.

வயது பிரச்சினை இல்லை. சில்லறை விஷயங்கள்தான் காசைத் தின்னும். என்னுடைய 1978ஆம் ஆண்டு வண்டி ஹலிபக்ஸ் துறைமுகத்தில் மூன்று கிழமை கிடந்தது. விற்றவர் எழுதித் தந்த பற்றுச்சீட்டில் சேஸி இலக்கத்தில் ஒரு 3, 8 ஆகியிருந்தது. அதைத் திருத்தி வாங்கும்வரை ஒவ்வொரு நாளும் தரிப்புக்கூலி ஏறியது. ஆகையால் காசு அனுப்ப முதல், வண்டியில் பொறித்த இலக்கத்தையும் கடதாசியில் உள்ளதையும் மச்சான் பக்கத்துப் பக்கமாக வைத்துப் படம் எடுத்து அனுப்பட்டும். உற்பத்தி ஆண்டும் கடதாசியில் இருக்க வேண்டும்.

அடுத்தது, மச்சானைப் பழைய உடுப்புப் போட்டுக்கொண்டு வண்டிக்குக் கீழே படுக்கச் சொல்லுங்கள். மேலே பளபளக்கும் பெயின்ற் ஒன்றும் சொல்லாது. இந்த வண்டியில் ஒவ்வொரு சில்லின் ஹப்புக்குள்ளும் தனியாகப் பல்சக்கரம் இருக்கிறது. போர்ட்டல் அக்சில் என்பார்கள். அச்சு உயரே நிற்பதால்தான் கல்லிலும் சேற்றிலும் அடி தட்டாமல் போகிறது. ஆனால் அந்த ஹப்பின் ஓயில் சீல் போனால் எண்ணெய் பிறேக் டிரம்முக்குள் இறங்கிவிடும். சில்லின் உட்பக்கத்தில் கறுப்பாக எண்ணெய் வழிந்த கோடு தெரிந்தால், நாலு சில்லையும் கழற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். பிறகு பின்னால் ஆட்கள் இருக்கும் வாங்குகளுக்குக் கீழே, தரைத் தகடு மடியும் மூலைகளில் துரு இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்க்கட்டும். ஒரு அச்சின் இரண்டு சில்லையும் சேர்ந்து சுற்ற வைக்கும் பூட்டு டிஃப் லொக். அது இரண்டையும் ஓட்டத்தில் போட்டு எடுத்துப் பார்க்கட்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, காலையில், ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போகட்டும்.

வண்டியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1971 முதல் செய்தது இது. வடிவமைத்தவர் எரிக் லெட்விங்கா. அவருடைய அப்பா ஹான்ஸ் லெட்விங்கா, செக் நாட்டு டட்ரா கார்களுக்கு நடுவில் ஒற்றைக் குழாய் முதுகெலும்பு வைத்தவர். பின்ஸ்கவருக்குக் கீழே படுத்தால் அதே குழாயைப் பார்க்கலாம். அப்பாவின் யோசனையை மகன் மலை ஏற்றியிருக்கிறார். நான் முதன்முதலில் அதைத் தொட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கப்பலுக்கு வருவோம். பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் துறைமுகத்தில் ஏற்றினால் ஹலிபக்ஸில் இறங்கும். 20 அடிக் கொன்ரெய்னருக்குள்ளும் இந்த வண்டி போகும். ஓட்டி ஏற்றும் கப்பலில் அனுப்பினால் உள்ளே ஒரு திருகாணிகூட விடாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் மண். வேற்று நாட்டு மண் ஒட்டிய வாகனத்தைக் கனடா உள்ளே விடாது. பயிர்நோய்க்குப் பயந்த விதி அது, சரியான விதி. ஏற்ற முதல் அடிப்பக்கம் முழுவதும் நீராவியால் கழுவ வேண்டும். சில்லு வளைவுகளுக்குள்ளும், குழாயைச் சுற்றியும், ரயர் வெட்டுகளுக்குள்ளும் பாருங்கள்.

சுங்கத்தில் 6.1 வீதத் தீர்வை, அதற்கு மேல் 5 வீத ஜி.எஸ்.டி. ஒன்ராறியோ மாகாண வரி 8 வீதத்தைப் பதியும்போது கட்டுவீர்கள். வாகன இறக்குமதிப் படிவத்தைச் சுங்கத்தில் முத்திரை குத்தி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், அது இல்லாமல் இலக்கத் தகடு தரமாட்டார்கள். சேஃப்ட்டி என்ற பாதுகாப்புச் சோதனை செய்யும் கராஜையும் இன்சூரன்ஸையும் வண்டி வாங்க முதலே பேசி வையுங்கள். பல கொம்பனிகள் பெயரைக் கேட்டதுமே மறுத்தன, எனக்கு ஏழாவது இடத்தில்தான் கிடைத்தது. வண்டி 401 நெடுஞ்சாலையில் ஓடுவதற்கு ஏற்றதல்ல. எஞ்சின் இரண்டு சீற்றுக்கும் நடுவில் இருப்பதால் 90 கிலோமீற்றர் வேகத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. 100 கிலோமீற்றருக்கு என் வண்டி 18 லீற்றர் பெற்றோல் குடிக்கிறது.

இன்னொன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். வண்டி ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று அம்மா ஜன்னலால் பார்த்தவா, ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விட்டா. 1987இல் இராணுவம் புகுந்தபோது வடமராட்சியில் இருந்தவா. பச்சை நிறம், கன்வஸ் கூரை, பின்னால் எதிரெதிர் வாங்கு. எனக்கு அது சுவிஸ் மலையில் பால் கொண்டுபோகிற வண்டி மாதிரித் தெரிந்தது. அம்மாவுக்கு அப்படித் தெரியாது என்று நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கோடையிலேயே நீலம் அடித்தேன். இராணுவப் பச்சையைக் கெடுத்துவிட்டாய் என்று சேகரிப்பாளர்கள் சிலர் கோபப்பட்டார்கள், பரவாயில்லை. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் காசு அனுப்ப முதல் அவர்களுக்குப் படத்தைக் காட்டிப் பேசுங்கள், தம்பி.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே ஒரு பின்ஸ்கவர் நிற்கிறது. 24 வோல்ட்டை 12க்கு மாற்றலாமா? ரேடியோ பூட்ட ஆசை.
- ச., ஒட்டாவா

பதில்: மாற்ற வேண்டாம். ஸ்டார்ட்டரிலிருந்து பல்ப் வரை எல்லாமே 24க்குச் செய்தவை. ரேடியோவுக்கு 24ஐ 12ஆக்கும் சிறு கொன்வேர்ட்டர் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுக்காதீர்கள். ஒன்று இறங்க மற்றது கூடுதலாக ஏறி, தை மாதக் குளிரில் இரண்டும் சேர்ந்து கைவிடும்.