நிறுவன நடத்தையியல் படிப்பதால் வேலையில் ஏதாவது பயன் உண்டா?

"எம்.பி.ஏ. முதல் பருவத்தில் நிறுவன நடத்தையியல் என்று ஒரு பாடம். புத்தகத்தைப் புரட்டினால் எல்லாமே தெரிந்த விஷயமாகத்தான் இருக்கிறது. வேலைக்குப் போனபின் இது யாருக்காவது உதவியிருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலையிடத்தில் ஆட்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்கிற பாடம் இது. எனக்கு உதவியது. ஆனால் படித்தபோது இல்லை. படித்து முடித்து நான்கு வருடம் கழித்து, ஒருவரை அநியாயமாகத் திட்டிய பிறகு.

அப்போது வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் பிரிவில் 11 பேருக்கு நான் பொறுப்பு. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அன்றைக்கு யார் யார் எத்தனை புகார் முடித்தார்கள் என்று சாயங்காலம் நானே பச்சை மார்க்கரில் எழுதுவேன். மாதக் கடைசியில் முதல் மூன்று பேருக்குப் பாராட்டு மின்னஞ்சல் போகும். அந்த 11 பேரில் ஒருவர் என்னைவிட வயதில் மூத்தவர். வேலை அத்தனையும் அத்துப்படி. சிக்கலான புகார் அவரிடம் போனால்தான் தீரும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கொஞ்ச நாளாகக் காலையில் வந்ததும் பாஸ்வேர்டு மறந்தது, முகவரி மாற்றம் என்று சுலபமானவற்றையே பொறுக்கி எடுக்க ஆரம்பித்தார். ஒன்பது நாள், பத்து நாள் ஆன புகார்கள் பட்டியலின் அடியில் அப்படியே கிடந்தன.

ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். "இவ்வளவு அனுபவம் இருந்து என்ன சார் பிரயோஜனம்? கஷ்டமானதையெல்லாம் யார் எடுப்பாங்க?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பலகையைப் பார்த்தார். அவர் பெயருக்கு எதிரே 31 என்று என் கையெழுத்தில் இருந்தது. இரண்டு மாதம் முன்பு அதே இடத்தில் 7, 8 என்று எழுதிக்கொண்டிருந்ததும் நான்தான். சிக்கலான புகார்களை அவர் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அவர் பெயர் கடைசியில் இருந்தது. பாராட்டு மின்னஞ்சல் ஒருமுறைகூட அவருக்குப் போனதில்லை.

அன்று இரவு பழைய பாடக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு வெகுமதி கொடுத்துவிட்டு வேறொன்று நடக்கும் என்று எதிர்பார்க்கிற மடமையைப் பற்றி மேலாண்மை அறிஞர் ஸ்டீவன் கெர் 1975-ல் எழுதிய கட்டுரைக்குக் கீழே நானே இரண்டு கோடு போட்டிருந்தேன். தேர்வுக்காகப் போட்ட கோடு. நடத்தை என்பது ஆளையும் அவர் இருக்கும் சூழலையும் சேர்த்தே பொறுத்தது என்று உளவியலாளர் கர்ட் லெவின் 1930-களிலேயே சொல்லியிருக்கிறார். அடுத்தவர் தவறும்போது சூழலை மறந்துவிட்டு அவருடைய குணத்தைக் குற்றம் சொல்லும் நம் பழக்கத்தை, அடிப்படையான பிழை என்றே இன்னொரு உளவியலாளர் லீ ராஸ் 1977-ல் குறிப்பிட்டார். இது இரண்டையும் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான் நான்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். திட்டியது எல்லோர் முன்னால்தானே. "பரவாயில்லை, அந்தக் கணக்கை மாத்துங்க, போதும்" என்றார் அவர். பெயர்களை அழித்துவிட்டு ஒரே ஒரு எண் எழுதினோம்: இருப்பதிலேயே பழைய புகாருக்கு எத்தனை நாள் ஆகிறது என்று. அந்த எண் மொத்தக் குழுவுக்கும் பொது. அதிலும் ஒரு கோளாறு வந்தது. சிலர் பழைய புகாரைத் தீர்ந்ததாக மூடிவிட்டு, வாடிக்கையாளர் மறுபடி கூப்பிட்டதும் புதிதாகப் பதிந்தார்கள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் அவரேதான்.

சரி, "தெரிந்த விஷயம்தானே" என்பதற்கு வருகிறேன். படித்தபிறகு எல்லாமே தெரிந்ததாகத்தான் தோன்றும். படிக்கும் முன் ஊகித்துப் பாருங்கள். வேலையின் அளவுக்கு ஏற்பக் கூலி கொடுத்தால் ஆட்கள் அதிகம் உழைப்பார்களா, மாட்டார்களா? உழைப்பார்கள் என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1931 நவம்பர் முதல் 1932 மே வரை 14 ஆண்களை ஒரு தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். தொலைபேசி இணைப்பகத்துக்கான கருவிகளுக்குக் கம்பி இணைப்பது, பற்றவைப்பது, சரிபார்ப்பது அவர்களுடைய வேலை. மொத்தக் குழுவின் உற்பத்தி கூடினால் ஒவ்வொருவருக்கும் கூலி கூடும். ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டு கருவிதான் நியாயமான வேலை என்று அவர்களே தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டி வேகமாகப் போகிறவருக்கு "வேக ராஜா", "அடிமை" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதற்கும் கேட்காவிட்டால் மேல்கையில் ஒரு குத்து. ரொம்பக் குறைவாகச் செய்தாலும் கெட்ட பெயர்தான். மேலிடத்தில் போட்டுக்கொடுப்பவரை யாரும் மன்னிக்கவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் சோம்பேறித்தனம். ஆனால் அது பொருளாதாரப் பெருமந்த காலம். அதிகம் செய்து காட்டினால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், அல்லது ஆளைக் குறைப்பார்கள் என்று அவர்கள் பயந்தார்கள். நிர்வாகம் எழுதிவைத்த விதி ஒன்று. அந்த அறைக்குள் நடந்த விதி வேறு. புதிதாக ஒரு வேலையில் சேரும்போது நம்மை இரண்டே வாரத்தில் மாற்றிவிடுவது இந்த இரண்டாவது விதிதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யார் முகம் எப்போது சுருங்குகிறது என்று பார்த்துப் பார்த்து நாமே கற்றுக்கொள்கிறோம். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இந்த எழுதாத விதிகளைத்தான் புத்தகம் குழு நியமங்கள் என்கிறது. அந்த அத்தியாயத்தைத் தயவுசெய்து அவசரமாகப் படிக்காதீர்கள்.

அதற்காகப் புத்தகத்தில் இருப்பதையெல்லாம் அப்படியே நம்பவும் வேண்டாம். அதே ஆலையில் 1924-ல் தொடங்கிய வெளிச்சச் சோதனையில், விளக்கை எப்படி மாற்றினாலும் உற்பத்தி கூடியது என்று பாடநூல்கள் சொல்லும். 2011-ல் லெவிட், லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பழைய தரவுகளைத் தேடி எடுத்து ஆராய்ந்தபோது, அந்தக் கதைக்கு அவ்வளவு வலு இல்லை என்று தெரிந்தது. ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்துச் செய்த இன்னொரு சோதனையில், பேச்சு அதிகம் என்று இருவரை நடுவிலேயே மாற்றினார்கள். சுருக்கிச் சொல்லும்போது இது காணாமல் போய்விடும். மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய உளவியலாளர் மாஸ்லோவின் பெயரில் பாடநூல்கள் ஒரு பிரமிடு படம் போடும். அவருடைய 1943 கட்டுரையில் அந்தப் படமே கிடையாது.

அப்புறம் மௌனம். நிறுவன ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். தரவு தலைகீழாக வந்தது. அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, தவறுகளை மறைக்காமல் சொன்னார்கள் என்ற முடிவுக்கு வந்தார். 1996-ல் வெளியான ஆய்வு அது. அதைத் திரும்பப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் பிரிவில் மாதாந்திரத் தவறு அறிக்கை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அதை நான் பெருமையாக மேலே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்தில், தவறு ஏதாவது நடந்ததா என்று கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் கோடுகளின் நீளத்தை வைத்துச் செய்த சோதனையில், மற்ற எல்லோரும் தவறான பதிலைச் சொல்லும்போது, சோதிக்கப்பட்டவர்களில் பலர் அதையே சொன்னார்கள். சரியான பதிலைச் சொல்ல ஒரே ஒருவர் துணைக்கு இருந்தால் அப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. அதனால் அடுத்த வாரம் அந்த மூத்தவரிடம் முன்கூட்டியே உதவி கேட்டேன். கூட்டம் தொடங்கியதும், "போன வாரம் ஒருத்தருக்குத் தப்பான கணக்கு விவரத்தை அனுப்பிட்டேன், நேத்துதான் கவனிச்சேன்" என்றார். உண்மையாகவே நடந்ததுதான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி நாற்காலியிலிருந்து, சேர்ந்து ஆறு மாதமே ஆன பெண் கையைத் தூக்கினார். நாங்கள் எல்லோரும் பயன்படுத்தும் பதில் கடிதத்தில் ஒரு தேதி தவறாக இருக்கிறது, மூன்று வாரமாக அப்படியேதான் போகிறது என்றார்.

"ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"போன தடவை ஒருத்தர் தப்பைக் கண்டுபிடிச்சுச் சொன்னப்ப, அவரையே உட்கார்ந்து எல்லாத்தையும் சரிபண்ணச் சொன்னீங்க சார். ரெண்டு நாள் ராத்திரி வரைக்கும் இருந்தாரு."

அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு நாள் உட்பட நினைவிருந்தது. அந்தக் கடிதங்களை நானும் மூத்தவரும் உட்கார்ந்து சரிசெய்தோம். அந்தப் பெண் அன்று வழக்கமான நேரத்துக்கே கிளம்பினார்.