மனை விற்ற நிறுவனம் மஞ்சள் கடுதாசி கொடுத்தால்?

கேள்வி: இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் வழியில், கடலை ஒட்டிய மனைப்பிரிவு ஒன்றில் இரண்டு மனைகள் வாங்கினேன். ஒன்றுக்குக் கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டது. மற்றதற்கு ஒப்பந்தம் போட்டு முக்கால் பங்குப் பணம் கட்டியிருக்கிறேன். சாலையையும் பூங்காவையும் எழுதித் தரவில்லை என்று ஊராட்சி வேலையை நிறுத்தியது. நிறுவனம் ஊராட்சி மீது வழக்குப் போட்டது. இப்போது நிறுவனமே மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது என்கிறார்கள். என் பணம் என்னவாகும்?
– ஒரு வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: மஞ்சள் கடுதாசி என்று ஊரில் சொல்வது தனிமனிதர் கொடுக்கும் திவால் மனுவை. நிறுவனம் நொடித்தால் அது 2016ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் முன் வரும். தமிழ்நாட்டு நிறுவனங்களுக்குச் சென்னை அமர்வு. தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும் நிர்வாகம் உரிமையாளர் கையைவிட்டு, தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு வல்லுநரிடம் போய்விடும்.

உங்கள் இரண்டு மனைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிரயப் பத்திரம் பதிவான மனை உங்களுடையது. நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது. பட்டா மாறுதல் செய்யாமல் இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள், வில்லங்கச் சான்றிதழும் புதிதாக எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தோடு நிற்கும் மனைதான் சிக்கல். அதில் நீங்கள் இன்னும் உரிமையாளர் அல்லர், கடன் கொடுத்தவர். ஆனால் 2018ஆம் ஆண்டுத் திருத்தம், வீடோ மனையோ வாங்கப் பணம் கட்டியவர்களை வங்கிகளைப் போலவே நிதிக் கடன் கொடுத்தோராக ஏற்றுக்கொண்டது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே, செய்தித்தாளில் வரும் பொது அறிவிப்பைப் பார்த்து, ஒப்பந்தம், ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு ‘சி.ஏ.’ (CA) என்ற உரிமைகோரல் படிவத்தில் தீர்வு வல்லுநரிடம் உரிமை கோருங்கள். வல்லுநர் நியமிக்கப்பட்டதிலிருந்து 14 நாள் என்பது கணக்கு. அது தவறினாலும் நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து 90 நாள் வரை வழியுண்டு. ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காத பணத்தை நிரூபிப்பது கடினம். நம் பக்கத்தில் இந்தப் பழக்கம் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

தீர்ப்பாயம் மனுவை ஏற்று அறிவிக்கும் தடைக்காலம் தொடங்கியபின், மனை வணிக ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் புதிதாகப் புகார் கொடுத்துப் பயனில்லை, ஏனெனில் நிறுவனத்துக்கு எதிரான நடவடிக்கைகள் எல்லாம் அப்படியே நிற்கும். நிறுவனம் ஊராட்சி மீது தொடுத்த வழக்கு வேறு. அதைத் தீர்வு வல்லுநர் தொடர்ந்து நடத்தலாம்.

வேலையை நிறுத்தியதற்காக ஊராட்சியைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெரிய மனைப்பிரிவில் சாலைகளையும், பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை நீங்கலான நிலத்தில் 10 விழுக்காட்டுத் திறந்தவெளியையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. அதை முடிக்காமல் மனைகளை விற்றது நிறுவனத்தின் குற்றம். ஒருமுறை எழுதித் தரப்பட்ட இடம் உள்ளாட்சியுடையது. மும்பை மாநகராட்சி நிலம் தொடர்பான வழக்கில், மாநகராட்சியின் ஒப்புதல் இல்லாமல் அதன் நிலத்தைத் தீர்வுத் திட்டத்தில் (நொடித்த நிறுவனத்தை மீட்கக் கடன் கொடுத்தோர் குழு ஏற்கும் திட்டம்) சேர்க்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதித் தரப்படாத சாலைதான் பயத்துக்குரியது: அது நிறுவனச் சொத்தாகவே கிடக்கும். எனவே, தானப் பத்திரம் எழுதித் தருவதைத் தீர்வுத் திட்டத்தில் நிபந்தனையாகச் சேர்க்க, மனை வாங்கியவர்கள் ஒன்றுகூடித் தங்கள் பிரதிநிதி வழியாகக் கடன் கொடுத்தோர் குழுவில் வலியுறுத்துங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் கேட்கவில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கான 2011 அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லை) 200 மீட்டரைக் கட்டுமானமற்ற பகுதியாக வைத்தது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேரைத் தாண்டிய ஊரகத்துக்கு மட்டும் அதை 50 மீட்டராகக் குறைக்க வழிவிட்டது. எந்தத் தீர்ப்பாயத் தீர்வும் இந்தக் கோட்டை நகர்த்தாது. பதிவான மனைக்குக் கம்பி வேலி போடச் செலவழிக்கும் முன், புல எண்ணோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், கடலோர மேலாண்மை வரைபடத்தில் அது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிடுங்கள்.