ஓட்ஸ் கஞ்சி பசையாகாமல் இருக்க

கேள்வி: எழுபது வயதான என் மாமனாருக்கு இரத்தத்தில் கொழுப்பு அதிகமாக இருப்பதால், காலையில் ஓட்ஸ் கஞ்சி கொடுக்கும்படி மருத்துவர் கூறினார். பாலில் போட்டு நன்றாகக் கிளறித்தான் காய்ச்சுகிறேன். ஆனாலும் சுவரொட்டிக்குக் காய்ச்சிய பசைபோல் ஆகிவிடுவதால் அவர் இரண்டு வாய்க்குமேல் தொடுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ‘நன்றாகக் கிளறி’ என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதிக் காரணம் இருக்கிறது. ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் என்னும் நார்ச்சத்து சூட்டில் கரைந்து வழவழப்பாகும். கொழுப்பைக் குறைக்க உதவுவதும் அதுவே என்பதால் வழவழப்பை அறவே நீக்கிவிட முடியாது. ஆனால் ஓயாமல் கிளறும்போது அவல் உடைந்து, மாவுச்சத்தும் வெளியேறி அதனுடன் சேர்ந்துகொள்வதால்தான் கஞ்சி பசையாகிறது.

அரை டம்ளர் ஓட்ஸை வெறும் வாணலியில் மிதமான தீயில் மணம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றேகால் டம்ளர் தண்ணீரைச் சிட்டிகை உப்புடன் கொதிக்கவிட்டு, உப்புமாவுக்கு ரவையைத் தூவுவதுபோல் அதில் தூவி, இரண்டு முறைக்குமேல் கிளறாமல் ஐந்து நிமிடம் வேகவிடுங்கள். ஆற ஆற இறுகும் என்பதால் தளர இருக்கும்போதே இறக்கி மூடிவையுங்கள். காய்ச்சிய பாலைக் கடைசியில் சேர்த்தால் போதும். மோர் ஊற்றுவதானால் கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும், இல்லையேல் திரிந்துவிடும்.

மீதிப் பாதிக் காரணம் நீங்கள் வாங்கும் பொட்டலமாக இருக்கலாம். ‘இன்ஸ்டன்ட்’ என்று விற்கப்படுவது மெல்லியதாக நசுக்கி, நறுக்கி, ஏற்கெனவே வேகவைத்தது. எவ்வளவு பக்குவமாகக் காய்ச்சினாலும் அது குழையும். பெரிய கடைகளில் வழிமறித்து நிற்கும் விற்பனைப் பிரதிநிதிகள் பெரும்பாலும் இதையும் மசாலா ஓட்ஸையுமே கையில் திணிப்பார்கள்; இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். சேர்மானங்களை எடை அதிகமுள்ளதிலிருந்து வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது விதி. சர்க்கரை முன்வரிசையில் இருந்தால் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிடுங்கள். விதி இருந்தென்ன? முகப்பில் இதயப் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பின்புறத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஆங்கிலத்தில் அச்சடித்தால் எழுபது வயதுக்காரர் எதைப் படிப்பார்? எந்த வகை ஓட்ஸ் என்று சீட்டில் ஒரு சொல் சேர்த்து எழுத மருத்துவருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

மேலே கூறிய அளவுகள் தட்டையான முழு அவல் ஓட்ஸுக்கே பொருந்தும். கோதுமை நொய்போலத் தோன்றும் ‘ஸ்டீல் கட்’ ஓட்ஸுக்குக் கணக்கு முற்றிலும் வேறு. அது நசுக்கப்படாமல் இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டப்பட்ட முழுத் தானியம் என்பதால், ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீரும் ஏறத்தாழ அரை மணி நேரமும் கேட்கும். இரவே ஊறவைத்தால் நேரம் குறையும். ஐந்து நிமிடத்தில் இறக்கினால் பல்லில் நறநறக்கும். இதை அவ்வப்போது கிளறத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அடிபிடிக்கும். நேரம் மிச்சமாகும் என்று குக்கருக்குள் நேரடியாகப் போடாதீர்கள். பொங்கும் நுரை ஆவித்துளையை அடைத்துவிடும். வெந்த பிறகும் மெல்ல வேண்டியிருக்கும் என்பதால், மாமனாருக்குப் பல் தளர்ந்திருந்தால் இந்த வகையை வாங்க வேண்டாம்.