துளசி எண்ணெய்ப் பொறியில் ஈ விழுகிறது, பழத்தில் புழு குறையவில்லை: ஏன்?

கேள்வி: மாமரத்தில் துளசி எண்ணெய்ப் பொறி கட்டினேன். ஈக்கள் நிறைய விழுகின்றன, ஆனாலும் பழத்தை அறுத்தால் புழு. பாகல் பந்தலில் கட்டிய பொறியில் ஒன்றுமே விழவில்லை. எந்த எண்ணெய் தெளித்தால் ஈ அண்டாது?

பதில்: பொறியில் விழுந்தவை அநேகமாக எல்லாமே ஆண் ஈக்கள்தான். பழத்தைத் துளைத்து முட்டையிடுவது பெண். துளசி எண்ணெயில் இருக்கும் மெத்தில் யூஜெனால் மாம்பழ ஈயின் ஆணைத்தான் இழுக்கும். சிட்ரோனெல்லா என்ற புல்லிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும், சில வகைகளில், இது உண்டு. அந்த எண்ணெய்க்குப் பழ ஈக்கள் கூடுவதை ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் 1912-லேயே எழுதிவிட்டார். கொசுவை விரட்டுகிறதே என்று அதை மரத்தில் தெளித்துவிடாதீர்கள், ஈயைக் கூப்பிட்டதாகிவிடும்.

இன்னொன்று முக்கியம். மெத்தில் யூஜெனாலைத் தின்ற ஆண் அதைத் தன் இனக்கவர்ச்சி மணமாக மாற்றிக்கொள்ளும், பெண்கள் அதையே அதிகம் நாடும். அதனால் உள்ளே வந்த ஈ தப்பிப் போகும் பொறி, பொறியே இல்லாததைவிட மோசம். பிஞ்சுப் பருவத்திலேயே, பல பொறிகளாக, முடிந்தால் பக்கத்துத் தோட்டங்களோடு சேர்ந்து கட்டுங்கள். ஓர் ஆண் பல பெண்களோடு இணையும் என்பதால், மிச்சமிருக்கும் சில ஆண்களே போதும், புழு தொடரும்.

பாகலில் வருவது வேறு ஈ. அது மெத்தில் யூஜெனாலைச் சட்டை செய்யாது, அதற்கு கியூலூர் என்ற வேறொரு கவர்ச்சிப் பொருளை வைக்க வேண்டும்.

சரி, விரட்டும் எண்ணெய்? வேப்பெண்ணெயை நம்பலாம், ஓரளவுக்கு. முட்டையிட வரும் பெண்ணைத் தயங்க வைக்கும். ஆனால் அதில் பூச்சியை எதிர்க்கும் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும். சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள், மழை பெய்தால் திரும்பவும். பழத்துக்குள் போய்விட்ட முட்டையை எந்த எண்ணெயும் தொடாது.

என்னைக் கேட்டால், எண்ணெய்க்குச் செலவிடும் அக்கறையில் பாதியைக் கீழே விழும் பழத்துக்குக் கொடுங்கள். புழு அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை ஈயாக வெளிவருகிறது. விழுந்ததை அன்றன்றே பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். எட்டுகிற காய்களுக்கு, முற்றுவதற்கு முன்பே காகித உறை போட்டுவிடுங்கள்.